சத்தம் கூடுது, வார்த்தை புரியலையா? ஸ்பீக்கரை நகர்த்திப் பாருங்கள்!

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் பொங்கல் சாட்டிவிட்டால் போதும். உயரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரின் பாட்டு, காட்டில் வேலை பார்ப்பவர்கள் காதிலும் விழும். சுற்றிலும் கரிசல் காடு. ஒலியைத் தடுக்கவும் சுவர் இல்லை, திருப்பி அனுப்பவும் சுவர் இல்லை.

அதே பாட்டை வீட்டுக்குள், பத்துக்குப் பத்து அறையில், ஆசையாக வாங்கிய சின்ன ஹை-ஃபை ஸ்பீக்கரில் போட்டால் ‘தொம் தொம்’ என்று அதிர்கிறது. பாட்டு வரி மட்டும் புரிவதில்லை. “ஸ்பீக்கர் சரியில்லை, மாத்தணும்” என்று வீட்டில் பேச்சு ஆரம்பிக்கிறது. பணத்தை எடுப்பதற்கு முன்னால், பத்து நிமிடம் செலவழித்து அந்த ஸ்பீக்கரை இடம் மாற்றிப் பார்ப்பது நல்லது.

பெட்டி சின்னது என்பது ஒரு குறையே இல்லை. 1970களில் பி.பி.சி. நிறுவனம் தன் வெளிப்புற ஒலிபரப்பு வேன்களுக்காக எல்.எஸ்.3/5ஏ என்ற ஸ்பீக்கரை உருவாக்கியது. உயரம் சுமார் ஒரு அடிதான். மனிதக் குரலைத் தெளிவாகத் தருவதில் இன்றைக்கும் அதற்குப் பெயர் உண்டு.

தறிச் சத்தம் கேட்ட காது

நெசவு ஊரான அருப்புக்கோட்டையில் இது வெறும் பாட்டு ரசனை சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் இல்லை. விசைத்தறிக் கூடங்களில் இரைச்சல் 90 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம். பல வருஷம் அந்தச் சத்தத்தில் நின்றவர்களின் காதில் முதலில் குறைவது 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய கூர்மையான ஒலிகள். ச, த, ப, க போன்ற எழுத்துகளைக் காது பிரித்து அறிவதற்கு 2,000 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள ஒலிகள் மிகவும் முக்கியம். அதனால்தான் தாத்தா, “சத்தம் கேக்குது, என்ன சொல்றான்னுதான் தெரியலை” என்கிறார்.

உடனே வால்யூமைக் கூட்டுகிறோம். வார்த்தையோடு சேர்ந்து ‘பேஸ்’ எனும் அடித்தொனியும் கூடுகிறது. அடித்தொனி மிஞ்சினால் மேலே இருக்கும் மெல்லிய ஒலிகளை அமுக்கிவிடும். தாத்தாவுக்கு வரி புரிந்தபாடில்லை, பக்கத்து அறையில் பேத்தியின் படிப்பு கெட்டதுதான் மிச்சம்.

மூலையில் வைத்தால் என்ன ஆகும்?

கூர்மையான ஒலி டார்ச் வெளிச்சம்போல முன்னால் மட்டும் போகும். அடித்தொனி அப்படி இல்லை. பெட்டியைச் சுற்றி எல்லாப் பக்கமும் பரவும். பின்னால் சுவர் இருந்தால் அதில் பட்டுத் திரும்பி, முன்னால் போவதோடு சேர்ந்துகொள்ளும். கணக்குப்படி ஒரு சுவரை ஒட்டினால் 6 டெசிபல் வரை அடித்தொனி ஏறலாம். வீட்டில் அதைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்கும். மூலை என்றால் இரண்டு சுவர். மூலையில் தரையிலேயே வைத்தால் தரையும் சேர்ந்து மூன்று!

சுவரிலிருந்து நகர்த்துவதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. இரண்டு அடி தள்ளி வைத்தால், சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி 140 ஹெர்ட்ஸ் அருகே நேர் ஒலியை எதிர்த்து அதைக் குறைக்கும். ஆண் குரலின் அடிப்பகுதி அந்தப் பக்கம்தான் இருக்கிறது. குரல் மெலிந்து கேட்டால் கால் அடி முன்னே, கால் அடி பின்னே என்று நகர்த்தினாலே வித்தியாசம் தெரியும்.

நீளமும் அகலமும் சமமான அறையில் தொல்லை இன்னும் கொஞ்சம் அதிகம். பத்து அடி இடைவெளியில் 56 ஹெர்ட்ஸ் அருகே ஒலி எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே மோதி நின்று அதிரும். சதுர அறையில் இது இரண்டு திசையிலும் ஒரே இடத்தில் நடக்கும்.

பீரோ மேல் ஸ்பீக்கர், பாயில் தாத்தா

வெளிநாட்டுக் குறிப்புகளில் எல்லாம் சோபாவில் உட்கார்ந்து கேட்பவருக்குத்தான் அளவு சொல்லியிருப்பார்கள். நம் வீடுகளில் பாதிப் பேர் பாயில் உட்காருகிறோம். அப்போது காது தரையிலிருந்து சுமார் இரண்டரை அடியில் இருக்கும். ஸ்பீக்கரோ பிள்ளைகள் கை படக் கூடாதென்று பீரோ மேல், ஆறு அடிக்கு மேலே! கூர்மையான ஒலி தலைக்கு மேலே போய்விடுகிறது. வார்த்தைக்கு வேண்டியது அதுதான். கீழே இறக்க முடியாவிட்டால், பெட்டியின் பின்பக்கம் ஒரு மரத்துண்டு வைத்து முன்பக்கத்தைக் கீழ்நோக்கிச் சாயுங்கள். நழுவாதபடி உறுதியாக வையுங்கள்.

பஞ்சு செய்யும் வேலை

1895இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு புதிய விரிவுரைக் கூடம். பேசிய சொல் 5 வினாடிக்கு மேல் எதிரொலித்துக்கொண்டே இருந்ததால் பாடம் யாருக்கும் புரியவில்லை. வாலஸ் சபைன் என்ற இயற்பியல் ஆசிரியர், பக்கத்து அரங்கத்தின் இருக்கை மெத்தைகளை ராத்திரியில் தூக்கி வந்து பரப்பி அளந்தார். மெத்தை கூடக் கூட எதிரொலி குறைந்தது. கட்டட ஒலியியல் என்ற துறைக்கே அது அடித்தளம் போட்டது.

கான்கிரீட் கூரை, டைல்ஸ் தரை, வெற்றுச் சுவர் உள்ள அறையும் அந்தக் கூடத்தின் தம்பிதான். பருத்தி விளையும் சீமையில் மருந்துக்குப் பஞ்சமா? தரையில் ஜமுக்காளம், ஜன்னலுக்குக் கனமான திரை, எதிர்ச் சுவரோரம் சுருட்டி நிறுத்திய பஞ்சு மெத்தை போதும். ஆனால் துணி கூர்மையான எதிரொலியைத்தான் குடிக்கும். ‘தொம் தொம்’ குறைய ஸ்பீக்கரை நகர்த்தியே ஆகவேண்டும்.

இன்றைக்கே செய்து பார்க்க...

* ஸ்பீக்கரை மூலையிலிருந்து வெளியே எடுங்கள். பின்சுவரிலிருந்து அரை அடியில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக் கேளுங்கள்.
* பெட்டியின் பின்பக்கம் ஓட்டை இருந்தால் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். இடமே இல்லையென்றால் ஒரு பழைய சாக்ஸைச் சுருட்டி அந்த ஓட்டையில் செருகினால் அதிர்வு குறையும்.
* இரண்டு ஸ்பீக்கரும் கேட்பவரும் ஒரு சம முக்கோணத்தின் மூன்று முனைகளில் இருக்கட்டும்.
* கேட்பவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தால் அடித்தொனி கூடும். ஒன்று, இரண்டு அடி முன்னால் வரட்டும்.
* பழைய ரப்பர் செருப்பை நான்கு துண்டாக வெட்டி அடியில் வைத்தால் மேஜையும் ஷோகேஸ் கண்ணாடியும் சேர்ந்து அதிராது.

சோதித்துப் பார்க்க அதிரடிப் பாட்டு வேண்டாம். செய்தி வாசிப்பையோ, நன்றாகத் தெரிந்த ஒரு பழைய பாட்டையோ குறைந்த வால்யூமில் போடுங்கள். தீர்ப்பு சொல்ல வேண்டியவர் வீட்டின் பெரியவர். இத்தனையும் செய்த பிறகும் அவருக்கு வார்த்தை பிடிபடவில்லை என்றால் வால்யூமைத் தொடாதீர்கள். காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் அழைத்துப்போய்க் கேட்கும் திறனைச் சோதித்துவிடுங்கள். தறியில் தேய்ந்த காதுக்கு இன்னும் சத்தம் சேர்ப்பது, இருப்பதையும் குறைக்கும்.