துவையல் மருந்தாகாது



கடலூரிலும் சிதம்பரத்திலும் எந்த வீட்டுக்குப் போனாலும், "அம்மாவுக்கு எலும்புத் தேய்மானம் சார், பிரண்டைத் துவையலும் கால்சியம் மாத்திரையும் கொடுக்கிறோம்" என்கிறீர்கள். துவையல் நல்ல உணவு, மருந்தாகாது. மூட்டுத் தேய்மானம் வேறு, எலும்பின் அடர்த்தி குறையும் எலும்புப்புரை வேறு. டெக்ஸா ஸ்கேனில் டி-ஸ்கோர் மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே போனால் கால்சியம் மட்டும் போதாது.

வாரம் ஒரு அலென்ட்ரோனேட் மாத்திரை, வருடம் ஒரு சோலெட்ரோனிக் ஊசி, 6 மாதத்துக்கு ஒரு டெனோசுமாப் ஊசி என்று வழிகள் உண்டு. 'தாடை எலும்பு போய்விடும்' என்று வாட்ஸ்அப்பில் பயமுறுத்துகிறீர்களே, அது அரிது. இடுப்பு முறிந்து படுக்கையில் விழுவது அரிதா? டெனோசுமாப்பை இடையில் நிறுத்தினால்தான் ஆபத்து, முதுகெலும்பு நொறுங்கலாம். செலவை முதலிலேயே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

பொங்கலுக்குச் சேலை எடுத்துத் தரும் பிள்ளைகளே, அம்மாவை ஸ்கேனுக்கும் அழைத்துப் போங்கள்!