பழி யார் தலையில்?

கருச் சிதைந்தால் நம் நாட்டில் முதற்பழி யார்மீது விழுகிறது? பெண் மீது! "அவள் ராசி அப்படி" என்பார் ஒருவர். "நாக தோஷம்" என்பார் இன்னொருவர். ஜாதகம் புரளும், பரிகாரத்துக்குப் பணம் கரையும். இந்த மடமையைச் சாடி மேடைதோறும் பேசியவர்கள் நாம். ஆனால் பழைய பழி இன்று புதிய சட்டை போட்டுக்கொண்டு வருகிறது. அந்தச் சட்டையின் பெயர் 'டார்ச்' சோதனை!

ஐந்தாறு நோய்களின் ஆங்கிலப் பெயர்களிலிருந்து முதலெழுத்துகளைப் பொறுக்கிக் கோத்த பெயர் இது. அதன் முதலெழுத்து குறிப்பது டாக்சோபிளாஸ்மா என்னும் கிருமியை. கரு தங்காத பெண்ணுக்கு இந்தச் சோதனையை எழுதிக் கொடுப்பது நாடெங்கும் வழக்கமாகிவிட்டது. நாலைந்து நாள் கூலியைக் கொடுத்துச் சோதிக்கிறார்கள். 'பாசிட்டிவ்' என்று தாள் வருகிறது. வீட்டில் இழவு விழுந்ததுபோல் அழுகை! "உன் ரத்தத்திலேயே கோளாறு" என்று மாமியார் வீட்டில் பேச்சு!

உண்மை என்ன? தோழர்கள் பொறுமையோடு கேட்க வேண்டுகிறோம்.

1908ஆம் ஆண்டு துனிஸ் நகரில் கண்டறியப்பட்ட கிருமி இது. பூனையின் குடலில் பெருகி, அதன் மலத்தோடு வெளிவருகிறது. வெளிவந்தவுடன் தொற்றாது, ஒன்று முதல் ஐந்து நாள் கழித்தே தொற்றும் வலிமை பெறுகிறது. பிறகு ஈரமண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். மண் ஒட்டிய கையாலும், கழுவாத கீரை காய்களாலும், கெட்ட தண்ணீராலும், சரியாக வேகாத இறைச்சியாலும் மனிதனுக்கு வந்து சேர்கிறது. வந்தவருக்குப் பெரும்பாலும் தெரியவே தெரியாது. சிறு காய்ச்சல், கழுத்தில் நெறிகட்டுதல், அவ்வளவே!

எத்தனை பேருக்கு வந்திருக்கிறது? பிள்ளை பெறும் வயதுடைய இந்தியப் பெண்கள் 1,464 பேரைச் சோதித்து, 2014இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. நாடு முழுவதற்கும் நூற்றுக்கு 22 பேர். மேற்கே நூற்றுக்கு 9 பேர் அளவே. தெற்கேயோ 37 பேர்! மண் வீட்டில் வாழும் பெண்களிடம் கூடுதல் என்றும் அந்த ஆய்வு சொல்கிறது. ராசி பார்த்தா வருகிறது இந்த நோய்? குடிசை பார்த்து வருகிறது!

இங்கேதான் கவனிக்க வேண்டும். இந்த 37 பேரும் நோயாளிகள் அல்லர். கருவுறுவதற்கு முன்பே தொற்று வந்து போனவளின் உடலில் எதிர்ப்புச் சக்தி நிற்கிறது. நோய் எதிர்ப்புச் சக்தி குன்றியவர்கள் நீங்கலாக, அவள் பிள்ளைக்குக் கிருமி போவதில்லை என்றே சொல்லலாம். மீண்டும் மீண்டும் கருச் சிதைவதற்கு இந்தப் பழைய தொற்றைக் காரணம் காட்டுவது பொருந்தாது. ஐஜிஜி 'பாசிட்டிவ்' என்பது பெரும்பாலும் வந்து போனதற்கான வடு. அழுவதற்கான செய்தி அல்ல. ஐஜிஎம் என்னும் மற்றொன்றும் மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கு மேலும், ரத்தத்தில் தங்கும். அதை மட்டும் பார்த்துக் கருவைக் கலைக்கச் சொல்வது கொடுமை!

அப்படியானால் ஆபத்தே இல்லையா? உண்டு. எஞ்சிய 63 பேரில் எவளுக்காவது கர்ப்பகாலத்தில் முதன்முதலாகத் தொற்றினால் ஆபத்து. தொடக்க மாதங்களில் பிள்ளைக்குப் போவது குறைவு; போனால் கேடு மிகுதி. கரு அழியலாம், மூளையில் நீர் கோக்கலாம், கண் கெடலாம். கடைசி மாதங்களில் போவது மிகுதி, கேடு குறைவு. ஆனாலும் பிள்ளை வளர்ந்தபின் பார்வை கெடக்கூடும்.

நம் செங்கற்பட்டுச் சீமையைப் பாருங்கள். ஏரிப் பாசன வயலில் நாற்று நடும் பெண்ணின் கை நாள் முழுவதும் சேற்றில். கட்டட வேலையில் மணல் அள்ளும் சித்தாளுக்குக் கையுறை ஏது? அந்த மணற்குவியல்தான் இரவில் பூனைக்குக் கழிப்பிடம். மாமல்லபுரத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரை கரையோரக் குப்பங்களில் மீன் இறங்கும் இடமெல்லாம் பூனை. அந்த மணலில்தான் பிள்ளைகள் விளையாடுகிறார்கள்; கர்ப்பிணிகள் கருவாடு காய வைக்கிறார்கள். பூனையை விரட்டினால் தீருமா? தீராது. எலியைப் பிடிப்பதும் அதுதானே!

தண்ணீரையும் மறந்துவிடக் கூடாது. 2004-2005இல் கோவையில் 248 பேருக்கு இந்தக் கிருமியால் கண் நோய் வந்தது. குடிநீர் மீதே சந்தேகம் எழுந்தது. குளோரின் தெளித்தால் இது சாகாது. கொதிக்க வைத்தால் சாகும். ஆகவே தொட்டியில் மருந்து போட்டதோடு ஊராட்சியின் கடமை முடிந்துவிடவில்லை. வடிகட்டிய நீர் வேண்டும்.

பிரான்சு நாட்டில் தொற்றாத கர்ப்பிணிகளை மாதந்தோறும் சோதிக்கிறார்கள். பிரிட்டனில் எல்லோருக்கும் சோதிப்பதில்லை. நாம் என்ன கேட்பது? எல்லோருக்கும் சோதனை என்று முழக்கமிடுவது எளிது. ஆனால் ஒருமுறை சோதித்து, பயமுறுத்தி அனுப்புவதால் பயனில்லை. ஐயத்துக்குரிய முடிவு வந்த பெண்ணுக்கு, தொற்று பழையதா புதியதா என்று பிரித்தறியும் அவிடிட்டி சோதனையும், புதியதானால் ஸ்பைராமைசின் முதலிய மருந்தும் அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்க வேண்டும். சித்தாளுக்கும் நடவுப் பெண்ணுக்கும் கையுறை, வேலைத்தலத்தில் கைகழுவ நீர், குப்பங்களுக்கு நல்ல குடிநீர் வேண்டும். இவை நம் கோரிக்கைகள்.

கோரிக்கை நிறைவேறும் வரை நாம் கைகட்டி நிற்பதா? தோழர்களே, உங்கள் வீட்டில் கர்ப்பிணி இருந்தால் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் கொடுங்கள். கீரையை நன்றாக அலசுங்கள். கறியை நன்றாக வேகவிடுங்கள். வீட்டுப் பூனையின் மலத்தை அன்றன்றே நீங்கள் அள்ளிப் போடுங்கள். அவளை அள்ள விடாதீர்கள். ஆண்பிள்ளை செய்யும் வேலையா என்று கேட்பவன் நம் இயக்கத்துக்கு உரியவன் அல்லன்!

பழி பெண் தலையில் அல்ல. சேற்றிலும் குடிசையிலும் கெட்ட நீரிலும் அவளை விட்டுவைத்த சமுதாயத்தின் தலையில்!