கடைசி இரண்டு முழம்

கோல் கம்பத்தை நெருங்கிவிட்டால் ஆட்டக்காரனுக்குக் கால் நடுங்கும். திடலோரம் நிற்பவர்களுக்கு வாய் நீளும். எங்கள் செலண்டார் வட்டாரத்தில் பிள்ளைகள் பந்து விளையாடும் எந்தத் திடலுக்குப் போனாலும் இதைப் பார்க்கலாம். “அடிடா!” என்பார் அப்பா. “பாஸ் கொடு!” என்பார் மாமா. பயிற்றுநர் மூன்றாவதாக ஒன்றைச் சொல்வார். யார் பேச்சைக் கேட்பது என்று பையன் நிமிர்வதற்குள் பந்து எதிரணியிடம் போய்விடும்.

அந்த நேரத்தில் முடிவு யார் கையில் இருக்க வேண்டும்?

அமெரிக்கர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அவர்களுடைய ‘ஃபுட்பால்’ நம் காற்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி, எல்லைக் கோட்டைத் தாண்டும் ஆட்டம் அது. ஒவ்வொரு முயற்சிக்குப் பிறகும் ஆட்டம் நிற்கும். அடுத்து என்ன செய்வது என்பதைப் பயிற்றுநர் குழுவே சொல்லும். 1994 முதல், பந்தை வீசும் ஆட்டக்காரரின் தலைக்கவசத்துக்குள் ஒலிபெருக்கி உண்டு. அடுத்த முயற்சியைத் தொடங்க 15 விநாடி மீதமிருக்கும்போது அந்தத் தொடர்பு துண்டிக்கப்படும். அதற்குமேல் பயிற்றுநர் வெறும் பார்வையாளர்தான்.

இவ்வளவு கட்டுப்பாடு இருந்தும் என்ன ஆனது? 2015 பிப்ரவரி 1, சூப்பர் பௌல் இறுதி ஆட்டம். நியூ இங்கிலாந்து 28, சியாட்டல் 24. சியாட்டலுக்கு எல்லைக் கோடு ஒரே கெஜத்தில் இருக்கிறது. நம் கணக்கில் இரண்டு முழம். மீதம் 26 விநாடி, கையில் மூன்று முயற்சிகள். எதிரிகளை முட்டித் தள்ளி ஓடுவதில் பேர்போன மார்ஷான் லிஞ்ச் அவர்கள் பக்கம். அவரிடம் பந்தைக் கொடுப்பார்கள் என்றுதான் உலகமே எதிர்பார்த்தது. வந்த கட்டளையோ, பந்தை வீசு என்பது. வீசிய பந்தை மால்கம் பட்லர் என்ற புதுமுகம் பாய்ந்து பறித்தார். கதை முடிந்தது.

தலைமைப் பயிற்றுநர் பீட் கேரலை ஊரே திட்டியது. ஆனால் அவர் போட்ட கணக்கு முட்டாள்தனமானதல்ல. ஓடுபவர் பிடிபட்டால் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். வீசிய பந்து தரையில் விழுந்தால் கடிகாரம் நிற்கும். மூன்று முயற்சிக்கும் நேரம் கிடைக்க, ஒன்றையாவது வீச வேண்டும். அந்தக் கட்டளையைச் சொன்னவர் அவருடைய துணைப் பயிற்றுநர். ஆனாலும் கேரல் அன்றிரவே தவறு முழுக்கத் தன்னுடையது என்றார். துணைப் பயிற்றுநரையும் காட்டிக்கொடுக்கவில்லை, பந்தை வீசியவரையும் காட்டிக்கொடுக்கவில்லை.

பட்லர் பறித்தது அதிர்ஷ்டமும் அல்ல. அதே ஆட்டமுறையை அவருடைய அணி முன்பே பயிற்சியில் செய்து பார்த்திருந்தது. அங்கே அவர் ஏமாந்திருந்தார். இறுதி ஆட்டத்தில் ஏமாறவில்லை.

இப்போது நம் ஆட்டத்துக்கு வருவோம். காற்பந்தில் ஒலிபெருக்கியும் இல்லை, முயற்சிக்கு முயற்சி நிறுத்தமும் இல்லை. எண்பதாயிரம் பேர் கத்தும் அரங்கில் பயிற்றுநரின் குரல் பத்து அடி தாண்டாது. 2010 சுசுகி கிண்ணத்தை நினைத்துப் பாருங்கள். டத்தோ கே. ராஜகோபாலின் மலேசிய அணி முதல் ஆட்டத்திலேயே இந்தோனேசியாவிடம் 1-5 என நொறுங்கியது. ஆனாலும் அவர் தன் இளைஞர்களைக் கைவிடவில்லை. 2009 சீ விளையாட்டில் தங்கம் வென்ற எஸ். குணாளன் போன்றவர்கள் தொடர்ந்து ஆடினார்கள். டிசம்பர் 26, புக்கிட் ஜாலில் அரங்கில் அதே இந்தோனேசியாவை 3-0 என வென்றார்கள்.

மூன்று நாள் கழித்து ஜகார்த்தாவில் இரண்டாவது ஆட்டம். முதல் பாதியிலேயே இந்தோனேசியாவுக்குப் பெனால்டி. கோல் கோட்டில் 21 வயது கைருல் பாமி சே மாட். அந்த நொடியில் ராஜகோபால் செய்ய ஒன்றுமே இல்லை. அவர் செய்ய வேண்டியதை, அந்தப் பையனை அங்கே நிறுத்தியபோதே செய்துவிட்டார். கைருல் பாமி பந்தைத் தடுத்தார். அன்று 1-2 எனத் தோற்றாலும் மொத்தத்தில் 4-2. மலேசியா முதன்முறையாக அந்தக் கிண்ணத்தைத் தூக்கியது.

இரண்டு ஆட்டத்தையும் சேர்த்துப் பார்த்தால் எனக்கு ஒன்று தெளிவாகிறது. பயிற்றுநரின் அதிகாரம் கோல் கம்பத்துக்கு அருகில் இல்லை. அது பயிற்சித் திடலில் இருக்கிறது. ஆட்டம் முடிந்த பிறகு பழியை ஏற்கும் தோளில் இருக்கிறது. நடுவில் உள்ள அந்த இரண்டு முழம் ஆட்டக்காரனுடையது.

அலுவலகத்தில் குழுவை நடத்தும் இளைஞர்களுக்கும் இது பொருந்தும். வாடிக்கையாளர் முன் பேசிக்கொண்டிருக்கும் ஊழியரின் கைப்பேசிக்கு நிமிடத்துக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பினால் அவர் எதைப் பார்ப்பார்?

பள்ளி அணிகளைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியர்களிடம் ஒன்று கேட்பேன். பெனால்டி யார் அடிப்பது என்பதை ஆட்டத்துக்கு முன்பே, எல்லாப் பிள்ளைகளும் கேட்கும்படி சொல்லிவிடுங்கள். அடிக்கும்போது வாயைத் திறக்காதீர்கள். பந்து வெளியே போனால், அழும் பையனிடம் அவன் நண்பர்கள் போவதற்கு முன் நீங்கள் போங்கள். “இவனை அடிக்கச் சொன்னது நான்தான்” என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லுங்கள்.

அப்பாக்களும் மாமாக்களும் அதுவரை வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அடுத்த பெனால்டிக்கும் அந்தப் பையன் துணிந்து முன்னே வருவான்.