ஓகாரமும் உம்மையும்: கிரானிலிருந்து டைமருக்கு

பல்கலைக்கழகத் துறைகளின் லினக்ஸ் சர்வர்களில் இரவு நேரப் பணிகளை நெடுங்காலமாகக் கவனித்து வருவது கிரான். ஆய்வுத் தரவுக்குக் காப்புப் படி எடுப்பது, பழைய கோப்புகளை அகற்றுவது, மொழித் தரவகத்தைப் புதுப்பிப்பது ஆகியவை அதன் ஒற்றை வரிகளில் அடங்கிவிடுகின்றன. புதிய சர்வர் வரும்போது அவ்வரிகளைச் சிஸ்டம்டி டைமர்களாக மாற்றும் பொறுப்பு, பெரும்பாலும் ஓர் ஆய்வு மாணவரின் தலையில் விழுகிறது. துறைகள் இதனை எழுத்தர் வேலையாகவே கருதுகின்றன. அக்கருத்து பிழையானது. இது மொழிபெயர்ப்பு, சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் பொருள் கெடும்.

கிரான் வரியில் தேதிக்கு 13 என்றும் கிழமைக்கு வெள்ளி என்றும் குறித்தால், 13ஆம் தேதியிலோ வெள்ளிக்கிழமையிலோ பணி நடைபெறும். அங்கே தொக்கி நிற்பது ஓகாரம். அவ்விரண்டையும் அப்படியே டைமரில் எழுதினால், 13ஆம் தேதியும் வெள்ளியும் ஒருசேர அமையும் நாளில் மட்டுமே நடைபெறும். இங்கே நிற்பது உம்மை. வாரந்தோறும் எடுக்கப்பட்ட காப்புப் படி, ஆண்டுக்கு அதிகம் போனால் 3 முறை எடுக்கப்படும். தொடரியல் பிழை ஏதும் இல்லாததால் எச்சரிக்கையும் எழாது.

கேடு அங்கே முடிவதில்லை. அஞ்சல் வசதி அமைந்த சர்வரில் கிரான், பணியின் வெளியீட்டை உரியவருக்கு மின்னஞ்சலாக அனுப்பும். சிஸ்டம்டி அதனை ஜர்னலில் பதிந்துவைக்கும். தானாக எவருக்கும் எழுதாது. தோல்வியை அறிவிக்க ‘ஆன்ஃபெயிலியர்’ வழியாகத் தனி ஏற்பாடு வேண்டும். அது இல்லையெனில், வட்டு பழுதாகும் நாளில்தான் காப்புப் படி இல்லை என்பது தெரியவரும். அப்போது தொலைவது ஒருவரின் பல்லாண்டுக் களப்பணி.

ஓடிக்கொண்டிருப்பதை ஏன் தொட வேண்டும் என்ற வினா நியாயமானதே. எனினும் டைமரின் பயன்கள் மெய்யானவை. மின்தடையால் தவறிய பணியை, ‘பெர்சிஸ்டென்ட்’ என்று குறித்திருந்தால், சர்வர் மீண்டும் எழுந்ததும் அது செய்துமுடிக்கும். முந்தைய சுற்று முடியாதிருக்கையில் அதே பணியை மறுபடி தொடங்காது. யூடிசி நேரத்தில் இயங்கும் சர்வரிலும் ‘ஏசியா/கொல்கத்தா’ என்று எழுதி இந்திய நேரத்தைக் குறிக்கலாம். மாதத்தின் முதல் நாள் அதிகாலை 2 மணி என்பது யூடிசியில் முந்தைய மாதத்தின் கடைசி நாள் இரவு 8.30 என்பதை எண்ணினால் இதன் அருமை புலப்படும்.

ஆகவே மாற்றலாம்; பொருளறிந்து மாற்ற வேண்டும். ஒவ்வொரு வரியும் எதற்காக எழுதப்பட்டது என்பதை, எழுதியவர் பட்டம் பெற்றுப் போவதற்குள் கேட்டு, டைமரின் விளக்கக் குறிப்பில் பதிய வேண்டும். ‘சிஸ்டம்டி-அனலைஸ் காலெண்டர்’ காட்டும் அடுத்த சில தேதிகளைப் பழைய வரியின் தேதிகளோடு ஒப்பிட வேண்டும். இதற்குச் செலவாகும் நாட்களைத் துறைகள் ஆய்வுப் பணியாகவே கணக்கில் கொள்ள வேண்டும்.