சாரதி எங்கே உறங்குவார்?

புலம்பெயர்ந்த நாடுகளிலிருந்து விடுமுறைக்கு வரும் நண்பர்களும் உறவினர்களும் ஆண்டுதோறும் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "திருகோணமலையில் எங்கே தங்கலாம்? பெரிய ஹோட்டல் வேண்டாம், ஆனால் துப்புரவாக இருக்க வேண்டும்." அவர்களுடைய பயணத் திட்டம் பெரும்பாலும் ஒரே மாதிரியானது. யாழ்ப்பாணத்தில் சில நாட்கள், பிறகு வவுனியா, ஹொரவப்பொத்தானை வழியாகத் திருகோணமலை, அங்கிருந்து மூதூர், வெருகல் ஊடாக மட்டக்களப்பு, கடைசியில் கொழும்பு. எட்டுப் பேர், ஒரு வான், ஒரு சாரதி. குளிரூட்டி உண்டா, வைஃபை உண்டா, காலை உணவு வாடகையோடு சேர்ந்ததா, அறையிலிருந்து கடல் தெரியுமா என்றெல்லாம் விசாரிப்பார்கள். அந்த எட்டுப் பேரையும் பத்திரமாகக் கொண்டுசேர்க்க வேண்டிய ஒன்பதாவது மனிதர் இரவில் எங்கே படுப்பார் என்று இதுவரை ஒருவர்கூடக் கேட்டதில்லை.

விடுதியைத் தெரிவுசெய்யும்போது முதலில் கேட்க வேண்டியதே அதுதான் என்பது என் அபிப்பிராயம்.

இடத்தைப் பற்றி முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலானோர் நகரைக் கடந்து உப்புவெளிக்கோ நிலாவெளிக்கோ போய்விடுகிறார்கள். மே முதல் செப்டெம்பர் வரையான கச்சான் காலத்தில், கடல் குளம்போலக் கிடக்கும்போது, அதில் பிழையில்லை. புறாத்தீவுக்குப் படகு ஏறவும் நிலாவெளிதான் வசதி. ஆனால் ஓரிரு இரவு மட்டும் தங்கிச் செல்கிறவர்களுக்கு, அதிலும் வயதான பெற்றோரோடு வருகிறவர்களுக்கு, துறைமுகத்தை ஒட்டிய நகர்ப்பகுதியே ஏற்றது என்பேன். கோணேசர் ஆலயம், சந்தை, பேருந்து நிலையம், பொது வைத்தியசாலை எல்லாம் கிட்டத்தில் உள்ளன. டச்சுக்குடாப் பக்கத்தில் தங்கினால் கடலில் சூரியன் உதிப்பதைப் பார்க்கலாம். மாலையில் உட்துறைமுக வீதிக்கோ உவர்மலைக்கோ சென்றால் அதே சூரியன் துறைமுக நீரின் மறுகரை மலைகளுக்குப் பின்னால் இறங்குவதைப் பார்க்கலாம். ஒரே ஊரில் இரண்டும் தண்ணீருக்கு மேலே! வாடைக்காற்றோடு மழை கொட்டும் நவம்பர், டிசம்பர் மாதங்களில் கடற்கரை விடுதிகள் களையிழந்துவிடும். நகர விடுதிகளுக்கு அந்தப் பருவ பேதம் அவ்வளவாக இல்லை.

விலை விடயத்தில் ஓர் எச்சரிக்கை. விளம்பரத்தில் தொகைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் இருந்தால் சேவைக் கட்டணமும் வரியும் தனி என்று பொருள். பதினையாயிரம் ரூபா என்று போட்டிருக்கும் அறைக்கு 10 சதவீதச் சேவைக் கட்டணம் சேர்ந்தால் 16,500. அதன்மேல் 2024 ஜனவரியில் 18 சதவீதமாக உயர்த்தப்பட்ட பெறுமதி சேர் வரி சேர்ந்தால் 19,470. நடுத்தர விலை என்று நினைத்தது காலையில் பற்றுச்சீட்டு வரும்போது வேறு விலையாக இருக்கும். வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்கு வேறு விலையா என்பதையும் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது.

இனிச் சாரதிக்கு வருகிறேன்.

சில வருடங்களுக்கு முன்னர் நகரில் ஒரு விடுதியில் தங்கியிருந்தேன். பெயர் வேண்டாம். அதிகாலையில் நடப்பதற்காகக் கீழே இறங்கியபோது முற்றத்தில் நின்ற வான் ஒன்றின் முன் இருக்கையைச் சாய்த்து அதன் சாரதி படுத்திருந்தார். கதவு பாதி திறந்திருந்தது. கால்கள் வெளியே. முகத்தில் நுளம்புக்காக ஒரு துவாய். கச்சான் காலத்துத் திருகோணமலையின் இரவு எப்படிப்பட்டது என்று அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். கண்ணாடியை ஏற்றினால் வேகும், இறக்கினால் நுளம்பு தின்னும். விடுதி முகாமையாளரிடம் கேட்டேன். "டிரைவர்மார் வழமையா வானுக்குள்ளதான் ஐயா படுக்கிறவை" என்றார். அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை, ஊர் வழக்கமாகவே சொன்னார். ஆறு மணிக்கு அந்தக் குடும்பம் குளித்து, உடுத்து, சிரித்துக்கொண்டு இறங்கி வந்தது. சாரதி முற்றத்துத் தண்ணீர்க் குழாயில் முகம் கழுவிவிட்டு வானைக் கிளப்பினார். அவர்கள் ஹபரணைப் பக்கம் போவதாகப் பேசிக்கொண்டார்கள்.

கந்தளாயைக் கடந்து ஹபரணை வரையான வீதியை அறிந்தவர்கள் இதைக் கேட்டு அமைதியாக இருக்க மாட்டார்கள். இருபுறமும் காடு, நேரான பாதை, மிதமான வேகம், ஒரே சீரான இயந்திர ஓசை. தூக்கம் வருவதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அந்தி வேளையில் யானைகள் குறுக்கிடும் பாதையும் அதுவே. பதினேழு மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், 100 மில்லிலீற்றர் குருதியில் 50 மில்லிகிராம் மதுசாரம் கலந்தவருடைய நிலைக்கு இறங்கிவிடுகிறது என்று அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் 1997 இலேயே எழுதிவிட்டார்கள். இருபத்துநான்கு மணி நேரம் விழித்திருந்தால் ஏறத்தாழ 100. இலங்கையில் 80 ஐத் தாண்டினால் பொலிசார் பிடிப்பார்கள். தூங்காமல் ஓட்டுகிறவரைப் பிடிப்பதற்கு ஊதிப் பார்க்கும் குழாய் எதுவும் இல்லை.

இந்த நிலை எப்படி வந்தது? பழைய பெரிய ஹோட்டல்கள் வெளிநாட்டுச் சுற்றுலாக் குழுக்களை எதிர்பார்த்துக் கட்டப்பட்டவை. வழிகாட்டிக்கும் சாரதிக்கும் என்று பின்புறத்தில் சில அறைகளை ஒதுக்கிவைப்பது அவர்களுடைய தொழில் முறை. 2009 இல் போர் முடிந்த பிறகு முளைத்த நடுத்தர விடுதிகளின் கதை வேறு. வீட்டுக்கு மேல் ஒரு மாடி, மாடியில் ஐந்தாறு அறைகள், ஒவ்வோர் அறையும் வாடகைக்கு. யுத்தத்திலும் 2004 ஆழிப்பேரலையிலும் நொந்துபோனவர்கள் கடன்பட்டுக் கட்டிய சுவர்கள் அவை. ஆகவே அவர்களை மாத்திரம் குறை சொல்ல நான் தயாரில்லை. வருகிறவர் கேட்காத ஒன்றை அவர்கள் எதற்காகக் கட்டப்போகிறார்கள்?

வீதிகளும் திருந்திவிட்டன. கிண்ணியாவில் பாதைக்காகக் காத்துக் கிடந்த நாட்களில் சாரதியும் ஒரு தேநீர் குடித்து அரை மணி நேரம் கண்ணயர்வார். 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளப் பாலம் திறக்கப்பட்டது. அந்தக் காத்திருப்பு ஒழிந்தது மகிழ்ச்சிக்குரியதுதான். ஆனால் மிஞ்சிய நேரத்தில் நாம் கன்னியா வெந்நீரூற்றையும் நிலாவெளியையும் ஒரே நாளில் திணித்துவிட்டோம். ஸ்ரியரிங் பிடிக்கும் கை அதே கைதான்.

"அவருக்குத்தான் பட்டா கொடுக்கிறோமே" என்பார்கள். கொடுக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் பிள்ளைகளின் படிப்புச் செலவை எண்ணிக்கொண்டிருக்கும் ஒரு மனிதரிடம் பணத்தைக் கொடுத்து, வேண்டுமானால் அறை எடுத்துக்கொள்ளுங்கள் என்றால் அவர் என்ன செய்வார்? பணத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டு வானுக்குள் படுப்பார். அவருடைய இடத்தில் நான் இருந்தாலும் அதையே செய்வேன். பட்டா வேறு, படுக்கை வேறு. படுக்கையை நாம்தான் பதிவுசெய்ய வேண்டும்.

நம்முடைய பழக்கத்தில் இல்லாத புதுமை எதையும் நான் சொல்லவில்லை. பருத்தித்துறையில் தெருமூடிமடம் இன்றும் நிற்கிறது. மாட்டுவண்டிக் காலத்து மடங்களுக்குப் பக்கத்தில் சுமைதாங்கியும் கேணியும் இருக்கும், மாடு உடலை உரசிக்கொள்ள ஆவுரஞ்சிக்கல்லும் இருக்கும். வண்டியை இழுத்து வந்த மாட்டின் தினவுக்குக்கூட ஒரு கல் நாட்டிய சமூகம் நாம். இன்றும் ஊரில் உறவினர் வீட்டுக்குப் போனால் சாரதிக்கும் அதே சோறு, விறாந்தையில் ஒரு பாய், "தம்பி, சாப்பிட்டீரோ?" என்ற விசாரிப்பு எல்லாம் தாமாக நடக்கும். விடுதி வாசலில் இறங்கியதும்தான் அவர் அந்நியராகிவிடுகிறார். அவர் நீர்கொழும்பிலோ குருநாகலிலோ இருந்து வந்த சிங்களவராக இருந்தால் நம் ஊர்க் கடையில் எங்கே சாப்பிடலாம் என்று கேட்பதற்கும் தயங்குவார்.

ஐரோப்பாவிலிருந்து வருகிறவர்களுக்கு இன்னொன்றையும் நினைவூட்டலாம். அங்கே கனரக வாகனங்களையும் பேருந்துகளையும் ஓட்டுகிறவர்களுக்கு 2006 ஆம் ஆண்டு விதிகளின்படி நாளொன்றுக்குப் பொதுவாக ஒன்பது மணி நேரமே ஓட்டலாம். நாலரை மணி நேரத்துக்குப் பிறகு 45 நிமிட ஓய்வு கட்டாயம். வாராந்த முழு ஓய்வை வாகனத்துக்குள்ளேயே கழிக்கக் கூடாது, தங்குமிடச் செலவு முதலாளியினுடையது என்று 2020 இல் சட்டத்தில் திட்டவட்டமாக எழுதிவிட்டார்கள். நம்மவர்களில் லொறியும் பேருந்தும் ஓட்டிக் குடும்பத்தை நிலைநிறுத்தியவர்கள் எத்தனையோ பேர். அந்தச் சட்டத்தின் பலனை அனுபவித்தவர்களே இங்கே வந்து இறங்கியதும் அதை மறந்துவிடுவது எனக்கு விளங்கவில்லை.

எனவே விடுதிக்குத் தொலைபேசி எடுக்கும்போது அறையின் விலையைக் கேட்பதற்கு முன் சாரதிக்கு இடம் உண்டா என்று கேளுங்கள். "அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம்" என்ற பதில் வந்தால் வான்தான் அந்த இடம் என்று விளங்கிக்கொள்ளுங்கள். கட்டில் உண்டா, மின்விசிறி உண்டா, நுளம்புவலை உண்டா, குளிக்க வசதி உண்டா, இரவுச் சாப்பாடு கொடுப்பார்களா என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். இல்லை என்று நேர்மையாகச் சொல்லும் விடுதியில் மின்விசிறியோடு இன்னோர் அறையைச் சாரதியின் பெயரில் எடுங்கள். அதற்கும் அறை இல்லையென்றால் நகரிலேயே வேறு விடுதி பாருங்கள். போயா தினம் ஒட்டிவரும் நீண்ட வார இறுதிகளில் தென்பகுதியிலிருந்து வருகிறவர்களால் ஊர் நிரம்பிவிடும். அந்த நாட்களுக்குச் சாரதியின் கட்டிலையும் உங்களுடைய அறைகளோடு சேர்த்து முன்கூட்டியே பதிவுசெய்ய வேண்டியிருக்கும்.