மாதத்தைச் சொல்லுங்கள், காட்டைச் சொல்கிறோம்



சில மாதங்களாக உங்கள் கடிதங்களில் ஆப்பிரிக்கா அடிக்கடி வருகிறது. முதல் சம்பள உயர்வில் அப்பா அம்மாவைச் சிங்கம் பார்க்க அழைத்துப் போக நினைக்கிற பிள்ளைகள் எழுதுகிறார்கள். வகுப்பில் பாடமாக நடத்திய செரெங்கெட்டியை ஒரு தடவை நேரில் பார்த்துவிட வேண்டும் என்று ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் எழுதுகிறார்கள். படிக்கப் படிக்க எங்களுக்கு மகிழ்ச்சி. எல்லாரும் கேட்பது இரண்டுதான்: எந்த நாட்டுக்குப் போகலாம், எவ்வளவு செலவாகும்? பதில் சொல்லும் முன் நாங்கள் உங்களைக் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. உங்களால் எந்த மாதம் போக முடியும்?

புதுச்சேரியில் எங்கள் குருசுக்குப்பத்தில் கடலுக்குப் போகிற வீடுகளில் இதை விளக்கவே வேண்டாம். காற்றையும் நீரோட்டத்தையும் பார்த்த பிறகுதான் எந்த வலை, எவ்வளவு தூரம் என்ற பேச்சு வரும். சஃபாரிக்கும் அதே ஒழுங்குதான். மாதம் முடிவானால் நாடு தானாக முடிவாகும், செலவும் ஓரளவு தெரிந்துவிடும்.

நம்மில் பெரும்பாலோருக்கு வாய்ப்பது மே மாதம். பிள்ளைகளுக்கு விடுமுறை. விசைப்படகு வைத்திருக்கும் வீடுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், ஆகவே எல்லாரும் கரையில் இருப்பார்கள். ஆனால் கென்யாவிலும் தான்சானியாவிலும் அது பெருமழைக் காலம். மார்ச்சில் தொடங்கி மே வரை பெய்யும். கரிசல் மண் பாதைகளில் ஜீப் சக்கரம் புதையும். புல் இடுப்புயரம் வளர்ந்துவிடுவதால் பத்தடி தள்ளிப் படுத்திருக்கும் சிங்கம்கூடக் கண்ணில் படாது. தங்கும் முகாம்கள் சிலவற்றை மூடியே விடுவார்கள். கென்யா சுற்றுலா மே மாதத்தில் மட்டும் மலிவாகக் கிடைக்கிறதே என்று ஆச்சரியப்பட்டு எழுதியிருந்தீர்கள், காரணம் இதுதான். பறவை பார்க்கிறவர்களுக்கு அந்தப் பச்சை பிடிக்கும். முதல் முறை போகிற குடும்பத்துக்கு நாங்கள் அதைச் சொல்ல மாட்டோம்.

அந்த மழை நமக்கு அந்நியமானது அல்ல. சூரியனைத் தொடர்ந்து வடக்கே நகரும் மழைப்பட்டை கிழக்கு ஆப்பிரிக்காவைக் கடந்து போகிறது. பிறகு கென்யக் கரையோரம் நிலநடுக்கோட்டைத் தாண்டி, சோமாலியாவை ஒட்டி அரபிக்கடலுக்குள் பாய்கிற பலத்த காற்றுதான் ஜூனில் கேரளக் கரையில் தென்மேற்குப் பருவமழையைக் கொண்டுவந்து இறக்குகிறது. அங்கே புல் காயத் தொடங்கும் நேரத்தில் இங்கே மேற்குத் தொடர்ச்சி மலை நனைகிறது.

மே மாதம்தான் முடியும் என்பவர்கள் தெற்கே போங்கள். தென்னாப்பிரிக்காவில் அப்போது வறண்ட குளிர்காலம் தொடங்குகிறது. இலை உதிர்ந்து புதர்கள் வெளுத்துப்போகும், குட்டைகள் வற்றும். மிச்சமிருக்கிற தண்ணீரைத் தேடி யானை, ஒட்டகச்சிவிங்கி, எருமை எல்லாம் வந்தாக வேண்டும். செப்டம்பர் வரை இப்படித்தான். அங்குள்ள க்ரூகர் தேசியப் பூங்காவின் பரப்பு 19,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல். 1898இல் காப்பகமாகத் தொடங்கி 1926இல் தேசியப் பூங்கா ஆனது. நடுத்தரக் குடும்பத்துக்கு நாங்கள் க்ரூகரைச் சொல்வதற்குக் காரணம் ஒன்று உண்டு: வாடகைக் காரை நீங்களே ஓட்டிப் போகலாம். நம்மைப் போலவே இடப்பக்கம் ஓட்டுகிற நாடு. தார்ச்சாலையில் மணிக்கு 50 கிலோமீட்டர், மண்பாதையில் 40, அதற்கு மேல் கூடாது. மாலையில் வாயிற்கதவு அடைப்பதற்குள் முகாம் திரும்பிவிட வேண்டும். பூங்கா நிர்வாகம் நடத்தும் முகாம்களில் சமையல் வசதியுள்ள குடில்கள் கிடைக்கின்றன. ரசம் வைத்து அப்பளம் பொரித்துச் சாப்பிட்டுவிட்டு, விடிகாலையில் சிங்கம் தேடிக் கிளம்பலாம்.

தென்னாப்பிரிக்கா என்றதும் டர்பனை விட்டுவிட மனம் வரவில்லை. சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச் சென்ற 'ட்ரூரோ' கப்பல் 1860 நவம்பர் 16 அன்று அந்தத் துறைமுகத்தை அடைந்தது. கரும்புத் தோட்டங்களுக்குப் போன அந்த மக்களின் வாரிசுகள் இன்றும் அங்கே தீமிதிக்கிறார்கள், காவடி எடுக்கிறார்கள். டர்பனிலிருந்து வடக்கே மூன்று, நான்கு மணி நேரப் பயணத்தில் ஷ்லுஷ்லுவே-இம்ஃபலோசி பூங்கா இருக்கிறது. 1895 முதல் காக்கப்பட்டு வரும் நிலம் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவில் உலகம் முழுவதிலும் எஞ்சியிருந்த தெற்கு வெள்ளைக் காண்டாமிருகங்கள் இந்தப் பகுதியில்தான் இருந்தன, அவையும் நூற்றுக்கும் குறைவு. அவற்றைப் பெருக்கி, 1960களில் மயக்க ஊசி போட்டு லாரிகளில் ஏற்றி க்ரூகருக்கும் பிற நாடுகளுக்கும் அனுப்பினார்கள். இன்று எந்த நாட்டில் தெற்கு வெள்ளைக் காண்டாமிருகத்தைப் பார்த்தாலும் அதன் பூர்வீகம் இதுதான். டர்பன் கோயில்களையும் இந்தப் பூங்காவையும் சேர்த்து ஒரே பயணமாகப் போட்டுக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம்.

ஜூலை முதல் அக்டோபர் வரை விடுப்பு கிடைப்பவர்களுக்குக் கென்யாவின் மசாய் மாரா. ஏறத்தாழ 15 லட்சம் வைல்டபீஸ்ட் மான்களும் லட்சக்கணக்கான வரிக்குதிரைகளும் புல்லைத் தேடி தான்சானியாவின் செரெங்கெட்டியிலிருந்து வடக்கே வந்து, முதலைகள் காத்திருக்கும் மாரா ஆற்றைக் கடக்கிற காலம். தொலைக்காட்சியில் நாம் எல்லாரும் பார்த்த காட்சி. அதற்கு விலையும் உண்டு. 2024 முதல் மாராவில் வெளிநாட்டவர் ஒருவருக்கு நாள் நுழைவுக் கட்டணம் ஜனவரி முதல் ஜூன் வரை 100 டாலர், ஜூலை 1 முதல் 200 டாலர். நான்கு பேர் மூன்று நாள் தங்கினால் நுழைவுக்கு மட்டும் 2,400 டாலர் என்று கணக்குப் போட்டுக்கொண்டு பேச்சைத் தொடங்குங்கள். கென்யா போகிறவர்களுக்கு இன்னொன்று: நைரோபிக்கு வடக்கே நையேரி என்ற ஊர் உண்டு. குமாவுன் புலிகளைப் பற்றி எழுதிய ஜிம் கார்பெட் 1947இல் இந்தியாவை விட்டுப் போய் அங்கேதான் வாழ்ந்தார், 1955இல் அங்கேயே மறைந்தார். தமிழில் அவரைப் படித்து வளர்ந்தவர்கள் அந்தக் கல்லறைக்கும் ஒரு நாள் ஒதுக்கலாம்.

என்னைக் கேட்டால் ஆற்றைக் கடக்கும் காட்சியைவிட நான் உயர்வாக நினைப்பது ஜனவரிக் கடைசியும் பிப்ரவரியும். அப்போது அதே மந்தை தெற்கு செரெங்கெட்டியில், ந்டூட்டு பக்கத்துக் குட்டைப்புல் வெளியில் இருக்கும். எரிமலைகள் காலங்காலமாகக் கொட்டிய சாம்பல் படிந்த மண் அது. அடியில் கெட்டிப்பட்ட படிவம் இருப்பதால் மரம் வேர் விட முடியாது, புல்தான் வளரும். அந்தப் புல்லில் சுண்ணாம்பும் பாஸ்பரசும் அதிகம், பால் கொடுக்கிற தாய்க்கு அது வேண்டும். சில வாரங்களுக்குள் லட்சக்கணக்கான கன்றுகள் பிறக்கின்றன. பிறந்த சில நிமிடங்களில் கன்று எழுந்து நிற்கிறது, கொஞ்ச நேரத்தில் தாயோடு ஓடுகிறது. எல்லாத் தாய்களும் ஒரே நேரத்தில் ஈனுவதால்தான் கழுதைப்புலியும் சிங்கமும் தின்றது போக இத்தனை மிஞ்சுகின்றன. வெட்டவெளி ஆதலால் எல்லாமே கண்ணுக்கு எட்டும். பொங்கலை ஒட்டி விடுப்பு போடுகிறவர்கள் அதைப் பத்து நாள் தள்ளிப் போட்டால் இது கிடைக்கும்.

எந்த மாதம் போனாலும் ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறோம். பூங்காக்களைக் குறைத்து நாட்களைக் கூட்டுங்கள். ஏழு நாளில் ஐந்து பூங்கா என்று அச்சிட்டுத் தருகிற திட்டத்தில் பாதிப் பகல் சாலையில் போய்விடும். தான்சானியாவின் ங்கொரொங்கொரோ எரிமலைக் குழியின் தரைப்பரப்பு மட்டும் ஏறத்தாழ 260 சதுர கிலோமீட்டர். காரைக்கால், மாஹே, ஏனாம் நீங்கலாக நம் புதுச்சேரி வட்டாரமே 290தான். பாகூரிலிருந்து திருக்கனூர் வரை ஒரே பகலில் பார்த்துத் தீர்த்துவிட்டேன் என்று யாராவது சொன்னால் நாம் நம்புவோமா?

நாள் கூடினால் விலங்குக்கும் நல்லது. அவசரத்தில் இருக்கிறவர்தான் ஓட்டுநரிடம் இன்னும் கிட்டே போ என்பார். மாராவில் சிவிங்கிப்புலிகளைத் தொடர்ந்து கவனித்து 2018இல் வெளியான ஆய்வு ஒன்று என் மனதை விட்டு அகலவில்லை. சுற்றுலா வண்டிகள் குறைவாக வரும் பகுதியில் ஒரு தாய் சராசரியாக இரண்டுக்கும் மேற்பட்ட குட்டிகளை வளர்த்து ஆளாக்குகிறது. வண்டிகள் மொய்க்கும் பகுதியில் ஐந்து ஈற்றுக்கு ஒரு குட்டி பிழைப்பதே பெரிது. வேட்டையாட விடாமல் நாம் சுற்றி நிற்பது காரணமாக இருக்கலாம், அல்லது நம் வண்டிகளைப் பார்த்துச் சிங்கமும் கழுதைப்புலியும் வந்துவிடுவது காரணமாக இருக்கலாம். நம் நாட்டில் 1947இல் கடைசியாகச் சுடப்பட்டு, 1952இல் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்ட இனம் இது. 2022 செப்டம்பர் 17 அன்று நமீபியாவிலிருந்து எட்டையும், 2023 பிப்ரவரியில் தென்னாப்பிரிக்காவிலிருந்து பன்னிரண்டையும் விமானத்தில் கொண்டுவந்து மத்தியப் பிரதேசத்தின் குனோவில் விட்டோம். இழந்ததன் அருமை தெரிந்த நாட்டிலிருந்து போகிறவர்கள், வண்டியைத் தள்ளி நிறுத்து, இன்ஜினை அணை என்று சொல்லலாம். மாராவை ஒட்டி மசாய் மக்கள் தங்கள் நிலங்களைச் சேர்த்து வாடகைக்கு விட்டிருக்கும் நபோய்ஷோ, ஒலாரே மொடொரோகி போன்ற காப்பு நிலங்களில் ஒரு விலங்கைச் சுற்றி நிற்கும் வண்டிகளுக்கு வரம்பு உண்டு. செலவு கொஞ்சம் கூடும். அந்தப் பணம் நிலத்துக்காரர் கைக்குப் போகிறது.

இனி காகிதங்கள். நம் ஊரில் ஒரே வீட்டில் இரண்டு வகைக் கடவுச்சீட்டு இருக்கும். தாத்தா பிரெஞ்சுப் படையில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்ததால் அப்பாவுக்குப் பிரெஞ்சுக் கடவுச்சீட்டு, அம்மாவுக்கு இந்தியக் கடவுச்சீட்டு. தென்னாப்பிரிக்காவுக்குப் பிரெஞ்சுக் கடவுச்சீட்டில் விசா இல்லாமல் போகலாம். இந்தியருக்கு முன்கூட்டியே விசா வேண்டும். கென்யாவுக்கு 2024 ஜனவரி முதல் இருவருக்குமே இணையவழிப் பயண அனுமதி. ஆகவே விமானச் சீட்டு வாங்கும் முன் ஒவ்வொருவர் பெயருக்கு எதிரேயும் என்ன வேண்டும் என்று தனித்தனியே எழுதிக்கொள்ளுங்கள். வெளிநாட்டு இந்தியர் அட்டை உள்ளவர்கள் திரும்பி வர அதையும் மறக்காமல் எடுத்துப் போங்கள். பிள்ளைகளுக்குப் பெற்றோர் இருவர் பெயரும் உள்ள பிறப்புச் சான்றிதழ் கையில் இருக்கட்டும்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைத்தான் பலர் கடைசி வாரத்துக்குத் தள்ளுகிறார்கள். போட்டு பத்து நாள் கழிந்த பிறகே சான்றிதழ் செல்லுபடியாகும். அதன் பின் ஆயுள் முழுவதும் போதும். கென்யா போன்ற நாடுகளிலிருந்து அது இல்லாமல் திரும்பினால், எந்த நாட்டுக் குடிமகனாக இருந்தாலும், இந்திய விமான நிலையத்தில் ஆறு நாள் வரை தனிமையில் வைக்கலாம். சென்னை கிண்டியில் கிங் நோய்த்தடுப்பு நிலையத்தில் போடுகிறார்கள். அறுபது வயதைக் கடந்தவர்களும், முட்டை ஒவ்வாமை உள்ளவர்களும் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் போட்டுக்கொள்ளக் கூடாது. மலேரியா மாத்திரை பற்றியும் அதே வேளையில் கேட்டுவிடுங்கள்.

பெட்டி கட்டும்போது நம் ஊர் வெயிலை மறந்துவிட்டு ஸ்வெட்டர் எடுத்து வையுங்கள். ங்கொரொங்கொரோவின் விளிம்பு 2,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஜூலை விடியலில் பல் கிட்டும். கருநீல, கறுப்புத் துணி ட்செட்சே ஈயை இழுக்கும். கென்யாவிலும் தான்சானியாவிலும் பிளாஸ்டிக் பைக்குத் தடை, மஞ்சள் பை போதும். கேமராவுக்கு முன் ஆளுக்கொரு பைனாகுலர் வாங்குங்கள். ஒன்றை வைத்துக்கொண்டு நான்கு பேர் பிடுங்கிக்கொள்வதற்குள் சிறுத்தை இறங்கிப் போய்விடும்.

அந்த பைனாகுலரை இந்தக் குளிர்காலத்திலேயே ஊசுட்டேரிக்குக் கொண்டுபோங்கள். 2008இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட ஏரி, நமக்குப் பத்து கிலோமீட்டர்தான். ஒரு நாரையை அரை மணி நேரம் பேசாமல் பார்க்கப் பழகிய பிள்ளைக்குச் செரெங்கெட்டியில் சலிக்காது. ஆப்பிரிக்காவுக்கு இந்த ஆண்டு பணம் கூடவில்லை என்பவர்கள் ஏப்ரல், மே மாதங்களில் கபினி அணையின் நீர்ப்பரப்புக்குப் போகலாம். கோடையில் யானைகள் அங்கே கூட்டமாக வந்து சேர்வது உலகறிந்த காட்சி. ரீயூனியனில் உறவுக்காரர் இருக்கும் வீடுகளுக்கு இன்னொரு செய்தி: ஜூன் முதல் அக்டோபர் வரை அந்தத் தீவைச் சுற்றிய கடலுக்குக் கூனல் திமிங்கிலங்கள் குட்டி ஈன வருகின்றன. பெரியப்பா வீட்டுக்குப் போகும் பயணத்தை அந்த மாதங்களில் வைத்துக்கொள்ளுங்கள்.

போய் வந்தவர்கள் எங்களுக்கு எழுதுங்கள். சிங்கத்தின் படம் எங்களிடம் நிறைய இருக்கிறது. எந்த மாதம் போனீர்கள், பாதை எப்படி இருந்தது, ஓட்டுநர் இன்ஜினை அணைத்தாரா, பாட்டியால் ஜீப்பில் ஏறி இறங்க முடிந்ததா, இவற்றை எழுதுங்கள். அடுத்து கிளம்பக் காத்திருக்கும் வாசகருக்கு அதை அப்படியே அச்சிட்டுத் தருகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்