வாங்காத இசைக்கு ஒரு புகழ்மாலை

அண்ணா சாலையில் காலைக்காட்சி, நண்பகலில் பிரியாணி, மாலையில் பாட்டுக்கடை என்று விரியும் நினைவுக் கட்டுரைகள் என் தலைமுறையினரிடையே பெருகிவிட்டன. பெரும்பாலானவை ஒரே இடத்தில்தான் சென்று முடிகின்றன: அன்று நாங்கள் அலைந்து திரிந்து இசை வாங்கினோம், இன்றைய பிள்ளைகள் கைபேசியைத் தடவுகிறார்கள், அவர்களுக்கு அதன் அருமை தெரியாது. இவ்வாதத்தின் அடிப்படையே பொய். நம்மில் பெரும்பாலோர் இசையை வாங்கவில்லை.

அத்தகைய நாளொன்று எனக்கும் நன்றாக நினைவிருக்கிறது. 2000களின் தொடக்கம். தேவி வளாகத்தில் படம் பார்த்தோம். புகாரியில் உண்டோம். ஸ்பென்சர் பிளாசாவின் மியூசிக் வேர்ல்டுக்குள் நுழைந்து, காதில் கருவியை மாட்டி ஒரு மணிநேரம் இலவசமாகக் கேட்டுவிட்டு, விலைச்சீட்டைப் பார்த்ததும் வட்டை வைத்துவிட்டு வெளியேறினோம். பிறகு பாரிமுனைக்குப் பேருந்து. 1960களில் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் வாழ்வு தேடி அமைத்த பர்மா பஜாரில், இளையராஜாவின் நூறு பாடல்கள் அடங்கிய எம்பி3 வட்டு ஒன்றை பேரம் பேசி எடுத்தோம். அதற்கு முன்பும் நாம் யோக்கியர்களல்லர். வெற்று ஒலிநாடாவையும் பாடல் பட்டியலையும் தெருமுனை ரெக்கார்டிங் சென்டரில் கொடுத்துவிட்டு வந்தவர்கள்தாமே! 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் அப்போதும் நடைமுறையில்தான் இருந்தது.

மாணவர்களிடம் பணமேது என்பார்கள். அன்றைய கணக்கைப் பாருங்கள். திரையரங்குக்குக் கொடுத்தோம், பிரியாணிக்குக் கொடுத்தோம், பேருந்துக்கும் கொடுத்தோம். பாட்டை எழுதியவனுக்கும் இசைத்தவனுக்கும் மட்டுமே ஒரு காசும் போகவில்லை. வறுமையைக் காரணம் காட்டுவதை ஏற்கிறேன்; அதையே ரசனையென்று மாலை சூட்டுவதை ஏற்க இயலாது.

தமிழ் படித்தவன் என்ற முறையில் என்னை உறுத்துவது வேறொன்று. குறுந்தொகைப் புலவரின் இயற்பெயர் கிட்டாதபோது, அவர் பாட்டின் தொடரையே பெயராக்கிச் செம்புலப்பெயனீரார் என்று மதித்த மரபு நம்முடையது. நான் வாங்கிய வட்டின் உறையிலோ நாயகர்களின் முகங்கள் இருந்தன. வாலியோ வைரமுத்துவோ இல்லை. நாமும் கேட்கவில்லை.

2012இல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டு, திரைப்பாடலை எழுதியவரும் இசையமைத்தவரும் உரிமைத்தொகையில் தமக்குரிய பங்கை எழுதிக்கொடுத்தும் இழக்க முடியாதபடி செய்யப்பட்டது. சந்தா கட்டியோ விளம்பரங்களைச் சகித்தோ முறையான செயலியில் பாட்டுக் கேட்கும் மாணவர், அப்பங்கு பிறக்க ஏதோ ஒரு வழியில் காரணமாகிறார். அத்தொகை மிக அற்பம், நிறுவனங்களே கொழுக்கின்றன என்ற குற்றச்சாட்டு உண்டு. அதில் எனக்கும் உடன்பாடுதான். ஆனால் ஒன்றுமே கொடுக்காதவர்கள் அதை எழுப்புவதுதான் வேடிக்கை.

அண்மையில் வகுப்பில் அந்த வட்டைப் பற்றி நானும் பெருமையடித்துக்கொண்டிருந்தேன். அதிலிருந்த ஒரு பாடலைச் சொன்னபோது, “யார் எழுதினது ஐயா?” என்றாள் ஒரு மாணவி. எனக்குத் தெரியவில்லை. அவளே கைபேசியில் தேடி, கவிஞரின் பெயரை வாசித்தாள்.